ஊழும் கூலியும்: திருக்குறளில் முயற்சியின் எல்லை

ஆய்வுச்சுருக்கம்

திருக்குறளின் ஊழ் (அதி. 38), ஆள்வினையுடைமை (அதி. 62) ஆகிய இரண்டு அதிகாரங்களும் தம்முள் முரண்படுகின்றனவா என்னும் வினா உரைமரபிலும் திறனாய்விலும் பலமுறை எழுப்பப்பட்டுள்ளது. பெரும்பாலான விடைகள் ஊழ் வலிதா, முயற்சி வலிதா என்னும் அளவீட்டிலேயே நின்றுவிடுகின்றன. இக்கட்டுரை அவ்வளவீட்டை விடுத்து, வெற்றிக்கும் தோல்விக்கும் காரணம் கூறும்போது யார் யாரைப் பழிக்கலாம் என்னும் கோணத்தில் இவ்வதிகாரங்களை அணுகுகிறது. 371, 618, 619 ஆகிய குறள்களையும் அவற்றுக்கான உரைகளையும் முதன்மைச் சான்றாகக் கொண்டு, புறநானூற்றின் 192ஆம் பாடல், சிலப்பதிகாரத்தின் மதுரைக் காண்டம் ஆகியவற்றைத் துணைச் சான்றாகக் கொள்கிறது.

திறவுச்சொற்கள்: ஊழ், ஆள்வினை, ஆகூழ், கூலி, தகுதி, ஒப்புரவு, பரிமேலழகர்

முன்னுரை

தமிழ்நாட்டுப் பள்ளிச் சுவர்களிலும் போட்டித் தேர்வுப் பயிற்சி நிலையங்களின் வாயில்களிலும் எழுதப்பெறும் குறள்களுள் 619ஆம் குறளுக்குத் தனியிடம் உண்டு. தெய்வத்தால் ஆகாததும் முயற்சியால் ஆகும் என்பதே அதன் கருத்தாக மாணவருக்குக் கற்பிக்கப்படுகிறது. அதே நூலில், ஊழைவிட வலியது எதுவும் இல்லை என்னும் 380ஆம் குறளை அத்தகைய சுவர்களில் காண்பது அரிது. இத்தேர்வில் வியப்பதற்கு ஒன்றுமில்லை. தேர்வுக்குச் செல்லும் மாணவரிடம் ஊழின் வலிமையைச் சொல்லி அனுப்புவோர் யாருமிலர். ஆனால் ஒரு நூலின் இரு கூறுகளுள் ஒன்று மட்டும் சுவரேறி மற்றொன்று ஏட்டிலேயே தங்கிவிடும்போது, சுவரேறிய குறளின் பொருளும் சிறிது மாறிவிடுகிறது. அம்மாற்றம் எங்கே நிகழ்ந்தது, அதனால் இழக்கப்பட்டது யாது என்பதே இங்கு ஆராயப்படுகிறது.

இம்மாற்றத்திற்கு வரலாற்றுக் காரணம் உண்டு. 20ஆம் நூற்றாண்டில் சுயமரியாதை இயக்கம் தலைவிதிக் கருத்தைச் சாதி இழிவை நிலைநிறுத்தும் கருவியாகக் கண்டு எதிர்த்தது. முற்பிறவியின் வினையே இப்பிறவியின் தாழ்வுக்குக் காரணம் என்று கூறப்பட்டவர்களுக்கு, முயற்சியை முன்னிறுத்தும் குறள்கள் விடுதலைக் குரலாக ஒலித்தமை இயல்பே. மற்றொரு புறம், அப்துற்-றஹீமின் ‘வாழ்க்கையில் வெற்றி’, எம். எஸ். உதயமூர்த்தியின் ‘எண்ணங்கள்’ போன்ற தன்முன்னேற்ற நூல்கள் தமிழில் பெரும் வாசகப் பரப்பை உருவாக்கின. இவ்விரண்டும் நோக்கத்தால் வேறானவை. ஆயினும் முயற்சி பற்றிய குறள்களை மட்டும் தனியே பிரித்துப் படிக்கும் பழக்கத்திற்கு இரண்டும் இடமளித்தன எனலாம்.

கூலி என்னும் சொல்

619ஆம் குறளில் முயற்சி தருவதாகக் கூறப்படுவது வெற்றி அன்று, கூலி. உடம்பு வருந்திய வருத்தத்திற்கான கூலி. இச்சொல்லை உரையாசிரியர்கள் கையாண்ட முறையைக் கவனித்தால் பொருள் மாற்றத்தின் படிநிலைகள் தெளிவாகும்.

பரிமேலழகர் இக்குறளில் வரும் தெய்வம் என்னும் சொல்லை ஊழ் என்னும் பொருளில் கொள்கிறார். முயன்ற வினையானது ஊழின் காரணமாகக் கருதிய பயனைத் தராமற் போகலாம். அப்போதும் உடம்பு வருந்திய அளவுக்கு உரிய கூலியைத் தரும், முற்றும் பாழாகாது என்பது அவர் உரையின் சாரம். ‘கருதிய பயன்’, ‘கூலி அளவு’ என்னும் இரண்டையும் அவர் வேறுபடுத்துகிறார். முதலாவதற்கு முயற்சி உறுதி கூறாது. இரண்டாவதற்கே உறுதி கூறும். இவ்வேறுபாடு நுட்பமானது, இக்குறளின் உயிர் என்றே கூறத்தக்கது.

மு. வரதராசனாரின் தெளிவுரை இவ்வேறுபாட்டை ஓர் இடைச்சொல்லால் காப்பாற்றுகிறது. கூலியை என்று கூறாமல் ‘கூலியையாவது’ என்று அவர் எழுதுகிறார். அந்த ‘ஆவது’ என்னும் சொல்லில், முழுப்பயன் கிட்டாத நிலை ஒப்புக்கொள்ளப்பட்டுள்ளது. கலைஞர் மு. கருணாநிதியின் உரையில் நிலைமை மாறுகிறது. தெய்வம் என்பது அங்கு ஊழாக நில்லாமல், மனிதன் கூவி அழைக்கும் கடவுளாகிறது. கூலி என்பது உழைப்புக்கேற்ற வெற்றியாகிறது. கடவுள் மறுப்புச் சார்ந்த சிந்தனைப் பின்புலத்தில் இவ்வுரை பொருத்தமானதே. பிற்கால உரையாசிரியர் தம் காலத்தின் தேவைக்கேற்பப் பொருள் காண்பது உரைமரபுக்குப் புறம்பான செயலும் அன்று. எனினும் கூலி வெற்றியாகும் இடத்தில் குறளின் அடக்கம் போய்விடுகிறது என்பதைச் சுட்டாமல் இருத்தல் இயலாது.

கூலி என்பது அன்றாட உழைப்பின் சொல். நாள் முழுவதும் வயலில் உழைத்தவருக்கு மாலையில் கிடைப்பது கூலி; விளைச்சல் நிலமுடையவருக்கு. மழை பொய்த்தாலும் விளைச்சல் குறைந்தாலும் அன்றைய கூலி அன்றைக்கு உரியது. விளைச்சலின் ஏற்ற இறக்கத்திலிருந்து கூலியைப் பிரித்து வைத்ததே வள்ளுவரின் உவமைத் திறம். முயற்சியுடையார் யாவரும் அறுவடை செய்வர் என்று அவர் கூறவில்லை. ஒருவரும் வெறுங்கையோடு செல்லார் என்று மட்டும் கூறுகிறார். தேர்வில் தோற்ற மாணவரிடம் “நீ போதுமான அளவு முயலவில்லை” என்று சொல்வதற்கு இக்குறளில் இடமில்லை; “உன் உழைப்பு வீணாகவில்லை” என்று சொல்வதற்கே இடமுண்டு. சுவரில் எழுதப்பட்ட குறள் பெரும்பாலும் முதல் கூற்றுக்கே பயன்படுத்தப்படுகிறது.

முயற்சியைத் தோற்றுவிப்பது எது?

ஊழ் அதிகாரத்தின் தொடக்கக் குறளான 371, இவ்வாராய்ச்சியின் மிகக் கடினமான இடம். பொருள் சேர்வதற்குரிய ஊழ் அமையும்போது சோர்வின்மை தோன்றும். பொருள் போவதற்குரிய ஊழ் அமையும்போது மடி தோன்றும் என்பது அதன் கருத்து. முயற்சி ஒருபுறமும் ஊழ் மறுபுறமுமாக நின்று பொரும் காட்சியை எதிர்பார்த்து இவ்வதிகாரத்தைத் திறப்பவருக்கு இக்குறள் அதிர்ச்சியளிக்கும். ஏனெனில் இங்கு முயற்சி ஊழின் எதிரியாக இல்லை. அதன் விளைவாக இருக்கிறது.

பரிமேலழகர் இதன் விளைவை மறைக்கவில்லை. பொருளின் ஆக்கத்திற்கும் அழிவுக்கும் துணைக்காரணங்களாகிய முயற்சியையும் மடியையும் ஊழ் தானே தோற்றுவிக்கும் என்று கருத்துரைக்கிறார். அடுத்த குறளில் அறிவின் விரிவும் சுருக்கமும் இவ்வாறே ஊழின்பாற் படுத்தப்படுகின்றன. நுண்ணிய நூல்கள் பல கற்றாலும் இறுதியில் மேலெழுவது அவரவர்க்கு அமைந்த அறிவே என்று 373ஆம் குறள் தொடர்கிறது. ஆக, முயற்சி, அறிவு, கல்வியின் பயன் ஆகிய மூன்றும் ஊழின் எல்லைக்குள் கொண்டுவரப்பட்டுவிடுகின்றன. தன் வெற்றிக்குத் தானே காரணம் என்று கூறுவோர் வழக்கமாகச் சுட்டும் மூன்றும் இவையே.

கலைஞர் உரை ஊழ் என்பதற்கு இயற்கை நிலை என்று பொருள் கொள்கிறது. மறுபிறவிக் கோட்பாட்டை ஏற்காதவர் இவ்வதிகாரத்தைப் படிக்க இது வழிசெய்கிறது. சுவையான செய்தி யாதெனில், இவ்வாறு பொருள் மாற்றிய பிறகும் 371இன் கூர்மை மழுங்குவதில்லை. ஆக்கத்திற்கான நிலை முயற்சியைத் தரும், அழிவுக்கான நிலை சோர்வைத் தரும் என்றே அவ்வுரையும் கூற நேர்கிறது. முற்பிறவி நீங்கினாலும், முயலும் ஆற்றல் முயல்பவருடைய சொந்தப் படைப்பன்று என்னும் செய்தி நீங்கவில்லை.

இக்கால அரசியல் தத்துவத்தில் இதற்கு நெருங்கிய கருத்தொன்று உண்டு. அமெரிக்கத் தத்துவ அறிஞர் ஜான் ரால்ஸ், 1971இல் வெளிவந்த தம் நீதிக் கோட்பாட்டு நூலில், பிறவித் திறமைகளுக்கு எவரும் தாமே உரிமை கொண்டாட இயலாது என்று வாதிடுகிறார். அதோடு நில்லாமல், முயலவேண்டும் என்னும் விருப்பம்கூட நல்ல குடும்பத்தையும் சமூகச் சூழலையும் சார்ந்தே அமைகிறது என்கிறார். இக்கருத்துக்கு அறிஞருலகில் கடும் எதிர்ப்பு எழுந்தது. திறமையை நற்பேறாக ஒப்புக்கொள்ள முன்வருவோரும் முயற்சியைத் தமது என்றே கருத விரும்புவர். 371ஆம் குறளைத் தமிழ் வாசகர் எளிதில் கடந்து செல்வதற்கும் அவ்விருப்பமே காரணமாகலாம். வள்ளுவரை ரால்ஸின் முன்னோடியாக நிறுவுவது இங்கு நோக்கமன்று. அத்தகைய நிறுவல்கள் இருவருக்கும் நியாயம் செய்வதில்லை. ஒருவர் பேசுவது பிறவித் தொடரும் வினையும் சார்ந்த உலகில். மற்றவர் பேசுவது அரசியலமைப்பும் நிறுவனங்களும் சார்ந்த உலகில். எனினும் ஒரே முடிச்சில் இருவர் விரலும் பட்டிருக்கின்றன.

அம்முடிச்சு, 618ஆம் குறளில் மேலும் இறுகுகிறது. பொறி இல்லாமை யார்க்கும் பழி அன்று. அறியவேண்டியவற்றை அறிந்து முயலாமையே பழி என்பது அதன் கருத்து. பொறி என்பதை நற்பயன் தரும் விதி என்று பரிமேலழகர் கொள்ள, இக்கால உரையாசிரியர் சிலர் உடலுறுப்பு என்று கொள்கின்றனர். எவ்வாறு கொள்ளினும், ஒருவருக்கு வாய்த்ததைக் கொண்டு அவரைப் பழிக்கலாகாது என்னும் முதற்கூற்று தெளிவானது. சிக்கல் இரண்டாம் கூற்றில் உள்ளது. அறிவும் ஆள்வினையும் இல்லாமை பழி எனின், அவ்விரண்டையும் ஊழே தோற்றுவிக்கும் என்று 371, 372 ஆகிய குறள்கள் கூறியது என்னாவது? மடியும் பொறியின்மையின் ஒரு வகைதானே? 617ஆம் குறளில் மடியுடையாரிடத்து மூதேவி தங்குவதாகவும், 1040ஆம் குறளில் ஒன்றுமில்லை என்று சோம்பியிருப்பாரைக் கண்டு நிலமகள் நகுவதாகவும் கூறப்படுவதையும் இதனோடு சேர்த்து எண்ணவேண்டும். வள்ளுவர் மடியைப் பழிக்கிறார் என்பதில் ஐயமில்லை. பழிப்பதற்கான அடித்தளத்தை வேறோரிடத்தில் அவரே ஆட்டங்காணச் செய்திருக்கிறார் என்பதிலும் ஐயமில்லை.

இருவகைக் கூற்று

இம்முரணைத் தீர்க்க வழக்கமாகக் கூறப்படும் விடை, 380 பொதுவிதி, 620 சிறப்புவிதி என்பதாகும். சோர்வின்றி மீண்டும் மீண்டும் முயல்பவர் ஊழையும் புறங்காண்பர் என்று பரிமேலழகர் தரும் விளக்கமும் இதற்கு இசைவானதே. புறங்காண்டல் போர்க்களச் சொல் என்பதையும், புறங்காட்டிய பகைவன் மீண்டும் வரக்கூடும் என்பதையும் நினைவிற்கொண்டால் 620ஆம் குறளின் வீறு சற்று அளவுக்குள் வரும். ஆயினும் இவ்விடை வலிமையின் அளவீட்டுக்குள்ளேயே சுழல்கிறது.

இரு அதிகாரங்களின் வினையமைப்பைக் கவனித்தால் வேறொரு வேறுபாடு தோன்றும். ஊழ் அதிகாரத்தின் பத்துக் குறள்களிலும் ஏவலோ விதிப்போ ஒன்றுமில்லை. உலக இயல்பை உரைக்கும் கூற்றுகள் உள்ளன; இறுதியில் இரு வினாக்கள் உள்ளன. ஊழை நம்பியிரு என்றோ, ஊழுக்கு அடங்கு என்றோ ஓரிடத்திலும் கூறப்படவில்லை. ஆள்வினையுடைமையோ, அரிய செயல் என்று தளராதிருத்தல் வேண்டும் என்னும் விதிப்போடு தொடங்குகிறது. இரண்டாம் குறள் வினையை இடையில் விட்டுவிடலாகாது என்று விலக்குகிறது. ஒன்று நடந்ததை விளக்கும் மொழி. மற்றொன்று இனி நடக்கவேண்டியதை ஏவும் மொழி. விளக்கமும் ஏவலும் ஒன்றையொன்று பொய்யாக்கா. செயலுக்கு முன் நிற்பவன் முயற்சியின் மொழியைப் பேசவேண்டும். செயல் முடிந்தபின் தன்னையும் பிறரையும் மதிப்பிடுபவன் ஊழின் மொழியை மறத்தலாகாது. இவ்வாறு கொண்டால் இரு அதிகாரங்களும் ஒரே நூலில் அமைந்தமைக்குப் பொருத்தம் கிடைக்கிறது.

379ஆம் குறள் இதனை வலியுறுத்துகிறது. நன்மை வந்தபோது அதனை நன்மை என்று நுகர்ந்தவர் தீமை வந்தபோது மட்டும் அல்லற்படுவது ஏன் என்று அது வினவுகிறது. இது துன்புறுவோருக்கான ஆறுதலாகவே பெரும்பாலும் படிக்கப்படுகிறது. ஆனால் இதில் வெற்றி பெற்றோருக்கான வினாவும் அடங்கியிருக்கிறது. தோல்வியை விதியின் மேல் ஏற்றுபவர், வெற்றி வந்த நாளில் அவ்விதியை நினைத்தாரா?

புறநானூற்றின் 192ஆம் பாடல் இம்மதிப்பீட்டு மொழிக்குச் சங்க இலக்கியத்தின் மிகச் சிறந்த சான்று. கணியன் பூங்குன்றனாரின் இப்பாடலின் முதலடி உலகப் புகழ் பெற்றுவிட்டது. அப்புகழே எஞ்சிய அடிகளுக்குத் திரையாகவும் ஆகிவிட்டது. மலையிலிருந்து இறங்கும் பேராற்றின் நீர்வழிச் செல்லும் மிதவையைப் போல உயிர் முறைவழிச் செல்லும் என்பது பாடலின் நடுக்கருத்து. அதிலிருந்து கவிஞர் அடையும் முடிவு செயலின்மை அன்று, மதிப்பீட்டில் நிதானம். பெரியோரை வியத்தல் இல்லை. சிறியோரை இகழ்தல் அதனினும் இல்லை என்கிறார். ‘அதனினும்’ என்னும் ஏற்றம் கருதத்தக்கது. வியப்பும் இகழ்ச்சியும் ஒரே தவற்றின் இரு முகங்கள். அவற்றுள் இகழ்ச்சியே பெருந்தவறு.

சிலப்பதிகாரத்தில் இம்மொழி எங்கு பேசப்படுகிறது என்பதும் நோக்கற்குரியது. ஊழ்வினை தொடர்ந்து வந்து பற்றும் என்பதைக் காட்டுவது அக்காப்பியத்தின் நோக்கங்களுள் ஒன்று எனப் பதிகம் கூறுகிறது. பாண்டியன் ஆராயாது ஆணையிடும் இடத்திலேயே வினை விளையும் காலத்தை இளங்கோவடிகள் சுட்டிவிடுகிறார். ஆனால் வழக்குரை காதையில், தன் சிலம்பின் பரல் மாணிக்கம் என்று கண்ணகி நிறுவியபின், பாண்டியன் ஊழைத் துணைக்கு அழைக்கவில்லை. தானே கள்வன் என்று ஏற்று உயிர் துறக்கிறான். கோவலன் முற்பிறவியில் பரதன் என்னும் பெயரோடு சங்கமன் என்னும் வணிகனைப் பழிசுமத்திக் கொல்வித்த கதையை மதுராபதித் தெய்வம் கண்ணகிக்குக் கூறுவது பின்னர். மன்னன் இறந்து, மதுரை எரியுண்ட பிறகே. ஊழ் அங்கு இழந்தவளுக்குக் கூறப்படும் காரணம்; ஆண்டவனுக்கு அளிக்கப்படும் விடுதலை அன்று. ஆட்சியில் இருப்போர் தம் பிழைக்கு விதியைக் காரணம் காட்டும் வழக்கம் இக்காப்பியத்துக்கு அயலானது.

பல்லக்கும் தகுதியும்

மேற்கண்ட விளக்கம் முழுமையானதன்று. அதற்கு எதிராக நிற்கும் வலிய சான்று பரிமேலழகர் உரையிலேயே உள்ளது. ஊழ் அதிகாரத்தின் முன்னுரைப் பகுதியில், இருவினையின் பயன் செய்தவனையே சென்றடைதற்குக் காரணமாகிய நியதி என்று அவர் ஊழை வரையறுக்கிறார். இவ்வரையறையை ஏற்றால் நற்பேறு என்று ஒன்று இல்லாமற் போகிறது. இன்றைய நல்லூழ் முன்னைய நல்வினையின் பயன் எனின், அது வேறொரு பிறவியில் செய்த முயற்சியின் கூலியே. எல்லோரும் தமக்குரியதையே பெற்றிருக்கின்றனர் என்றாகிவிடும்.

37ஆம் குறளுக்கு அவர் காணும் பொருள் இதன் நேர் விளைவு. பல்லக்கைச் சுமப்பவனையும் அதில் ஊர்பவனையும் கண்டு அறத்தின் பயனை அறியலாம். நூல்களால் சொல்லவேண்டியதில்லை என்பது அவ்வுரையின் கருத்து. சுமப்பவனின் தோளில் உள்ள காய்ப்பு அவனது பழவினைக்குச் சான்றாகிவிடுகிறது. மு. வரதராசனார் போன்றோர், அவ்விருவரிடையே அறத்தின் பயன் இது என்று கூறவேண்டா என விலக்காகப் பொருள் கொண்டனர். குறளின் சொற்கள் இரு பொருளுக்கும் இடந்தருகின்றன. ஆனால் எப்பொருள் நூலின் பிற பகுதிகளோடு இயைகிறது என்று கேட்கலாம். பொறியின்மை யார்க்கும் பழி அன்று என்று 618இல் கூறியவர், பல்லக்குச் சுமப்பவனின் பொறியின்மையைப் பழியாகக் காட்டியிருப்பாரா? விலக்குப் பொருளே பொருத்தமானது.

சுயமரியாதை இயக்கம் எதிர்த்தது இவ்வரையறை வழி வந்த தகுதிக் கருத்தையே. அவ்வெதிர்ப்பின் நியாயம் இன்றும் குன்றவில்லை. ஆயினும் பழவினை அகற்றப்பட்ட இடத்தில் வேறொரு தகுதி வந்து அமர்ந்துகொண்டதைக் கவனிக்கவேண்டும். பல்லக்கில் ஊர்பவன் முற்பிறவியில் அறம் செய்தவன் என்பதற்குப் பதிலாக, இப்பிறவியில் கடுமையாக உழைத்தவன் என்று இப்போது கூறப்படுகிறது. சுமப்பவன் உழைக்காதவன் ஆகிறான். நாள் முழுவதும் பல்லக்கைச் சுமப்பது உழைப்பாக எண்ணப்படுவதில்லை. காரணம் மாறியிருக்கிறது, பல்லக்கு அப்படியே இருக்கிறது.

ஆங்கிலச் சமூகவியலாளர் மைக்கேல் யங் 1958இல் எழுதிய அங்கத நூல் இவ்வாபத்தை முன்னுணர்ந்தது. அறிவுத்திறனும் முயற்சியும் சேர்ந்ததே தகுதி என்று கொண்டு, அதனால் மட்டுமே பதவிகள் வழங்கப்படும் ஓர் எதிர்காலச் சமூகத்தை அவர் புனைந்தார். அச்சமூகத்தில் தாழ்ந்தோருக்குத் தாம் ஒதுக்கப்பட்டோம் என்று கூறிக்கொள்ளும் ஆறுதலும் இல்லை. தாழ்வு தமக்குத் தக்கதே என்று அவர்கள் நம்பவைக்கப்படுகின்றனர். எச்சரிக்கையாக அவர் கையாண்ட ‘தகுதியாட்சி’ என்னும் சொல் பின்னாளில் புகழ்ச்சொல்லாக மாறியது அங்கதத்துக்கு நேர்ந்த அங்கதம்.

தமிழ்ச் சூழலில் தகுதி என்னும் சொல் கல்வி, வேலைவாய்ப்பு ஆகியவற்றின் இட ஒதுக்கீட்டு விவாதங்களில் தொடர்ந்து கையாளப்பட்டு வருகிறது. சென்னை மாகாணத்தின் வகுப்புவாரி ஆணை செண்பகம் துரைராஜன் வழக்கில் செல்லாதெனத் தீர்ப்பளிக்கப்பட்டதும், அதனையொட்டி 1951இல் அரசியலமைப்பின் முதல் திருத்தம் கொண்டுவரப்பட்டதும் அறிந்த செய்திகள். 2020இல் அரசுப் பள்ளி மாணவர்க்கு மருத்துவப் படிப்பில் 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு வழங்கிய தமிழ்நாட்டுச் சட்டமும் இவ்வரிசையில் வைத்து எண்ணத்தக்கது. ஒரே தேர்வெழுதும் இருவரின் மதிப்பெண் வேறுபாட்டில் எவ்வளவு முயற்சி, எவ்வளவு வாய்ப்பு என்று பிரித்தெடுக்க இயலாது என்பதே இத்தகைய ஏற்பாடுகளின் அடிப்படை. 371ஆம் குறளும் அவ்வாறு பிரிப்பதை மறுக்கிறது. சமூகநீதிச் சிந்தனை ஊழ் அதிகாரத்தைத் தனக்குப் பகையாகவே கருதி வந்திருக்கிறது. பரிமேலழகரின் வரையறையை நீக்கிவிட்டால் அவ்வதிகாரத்தின் தொடக்கக் குறள்கள் தகுதிச் செருக்குக்கு எதிரான வாதமாகவே நிற்கின்றன என்பது கருதிப் பார்க்கப்படவில்லை.

வகுத்தான், வகுத்தல்

முயற்சியால் வந்த பொருள் யாருக்கு உரியது என்னும் வினாவும் எஞ்சுகிறது. இன்றைய வெற்றிநூல்களில் முயற்சியின் பயன் முயன்றவருக்கே உரியது. ஆள்வினையுடைமையோ அவ்வாறு கூறவில்லை. பிறர்க்கு உதவும் பெருமிதம் முயற்சி என்னும் உயர்குணத்தில் தங்கியிருக்கிறது என்று 613ஆம் குறளும், இன்பம் விரும்பாது வினையை விரும்புபவன் தன் சுற்றத்தாரின் துன்பத்தைத் துடைத்துத் தாங்கும் தூண் என்று 615ஆம் குறளும் கூறுகின்றன. இவ்வதிகாரம் பொருட்பாலின் அரசியலில் வைக்கப்பட்டிருப்பதும் மறக்கலாகாதது. முயற்சி முதன்மையாக ஆள்வோரிடமும் பொறுப்பில் உள்ளோரிடமும் வேண்டப்படுகிறது. இல்லறவியலில், ஒப்புரவறிதல் அதிகாரத்தின் 212ஆம் குறள் இன்னும் வெளிப்படையானது. முயன்று ஈட்டிய பொருள் எல்லாம் தக்கார்க்கு உதவுதற்பொருட்டே என்கிறது அது. ஊழால் தானே வந்த பொருளைக் கொடு என்று கூறுவது எளிது. வருந்தி ஈட்டியதையே கொடு என்று கூறுவதில்தான் இக்குறளின் துணிவு உள்ளது.

ஊழ் அதிகாரத்தின் 377ஆம் குறளில், கோடி தொகுத்தவர்க்கும் வகுத்தவன் வகுத்த வகையாலன்றி நுகர்தல் அரிது என்னும் கருத்து வருகிறது. வகுத்தவன் யார் என்று குறள் கூறவில்லை. உரைகள் தெய்வம் என்கின்றன. இவ்வதிகாரத்தோடு அறத்துப்பால் முடிகிறது. அடுத்த அதிகாரம் இறைமாட்சி. அதன் 385ஆம் குறளில் பொருள் வரும் வழிகளை இயற்றலும், ஈட்டலும், காத்தலும், வகுத்தலும் வல்லது அரசு என்று கூறப்படுகிறது. எட்டுக் குறள்களின் இடைவெளியில் அதே வினைச்சொல் மீண்டும் வருகிறது. முன்னதில் வகுப்பவன் கண்ணுக்குத் தெரியாதவன். பின்னதில் வகுப்பவன் அரியணையில் இருப்பவன், பெயரும் முகவரியும் உள்ளவன். பரிமேலழகர் ஊழ் அதிகாரம் அறத்துப்பாலின் இறுதியில் நிற்பதற்குக் காரணம் கூறும்போது, அது பொருளுக்கும் இன்பத்துக்கும் பொதுவானது என்கிறார். இச்சொல்லொற்றுமை அவ்வைப்புமுறைக்கு மற்றொரு காரணத்தையும் தருகிறது. ஊழ் வகுத்ததை அப்படியே விட்டுவிடாமல், வகுத்தலை அரசின் தொழிலாக ஏற்றுக்கொள்வதிலிருந்தே பொருட்பால் தொடங்குகிறது.

ஊழ் வகுத்ததெல்லாம் முறையானது என்பதே வள்ளுவர் கருத்தாயின், இரவச்சம் அதிகாரத்தின் 1062ஆம் குறள் எழுந்திருக்க வழியில்லை. இரந்தும் உயிர்வாழவேண்டும் என்று உலகைப் படைத்தவன் விதித்திருந்தால் அவனும் அலைந்து கெடுக என்று அது சபிக்கிறது. பரிமேலழகர் இவ்விடத்தில், முயன்று உயிர்வாழ்தலை அன்றி இரந்தும் உயிர்வாழ்தலை விதித்தானாயின் என்று முயற்சியை உள்ளே கொண்டுவந்து பொருள் விரிக்கிறார். 37ஆம் குறளில் சுமப்பவனின் தோளில் அறத்தின் பயனைக் கண்ட அதே உரையாசிரியர் இவர். முயல வழியில்லாத ஒருவன் கையேந்தி நிற்கும் இக்குறளில், பழி அவன்மேலும் விழவில்லை, அவன் பழவினைமேலும் விழவில்லை, வகுத்தவன்மேல் விழுகிறது.